தெளிந்த தண்ணீர் கேட்டவர்

தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளைப் படமெடுக்க வந்த ஆராய்ச்சியாளர் குலசேகரனுக்கு இந்த வருடமும் மூன்று நாளாக ஒரு படம்கூட உருப்படியாக விழவில்லை. எங்கே முங்கினாலும் ஒரே கலங்கல்.

"நாளைக்குத் தெளிஞ்ச தண்ணியைக் காட்டு. இல்லாட்டி உன் படகே வேண்டாம்" என்று படகுக்காரி பிலோமியிடம் கத்தினார்.

"காட்டுதேன் சார். இதே இடத்துலயே காட்டுதேன்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. படகிலிருந்து பார்த்தால் அடிமணல் பளிச்சென்று தெரிகிறது, இவருக்கு மட்டும் எப்படிக் கலங்குகிறது? மறுநாள் அவர் இறங்கியதும், நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கேம்மா தெளிஞ்ச தண்ணி?" என்று சீறிக்கொண்டே ஏறினார் குலசேகரன்.

பிலோமி, மிதக்காமல் முங்குவதற்காக அவர் இடுப்புப் பட்டையில் கோத்திருந்த ஈயக்கட்டிகளில் இரண்டைக் கழற்றி, முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டரின் மேல்பக்கம் கட்டினாள்.

"எடை அதேதானே? இடம் மாத்தினா கடல் தெளிஞ்சிருமா?" என்று நக்கலடித்துவிட்டுக் குதித்தார்.

அரைமணி நேரம் கழித்து வாயெல்லாம் பல்லாக வந்தார். "கடலை என்ன செஞ்சே?"

"கடலை ஒண்ணும் செய்யல சார். ஈயம் மொத்தமும் இடுப்புல கிடந்து உங்க காலைக் கீழே இழுத்துச்சு. கால்ல மாட்டுன துடுப்பு மண்ணை வாரி இறைச்சுது. இப்ப மீன் மாதிரி படுத்து நீந்துதீங்க."

குலசேகரனின் முகம் சுண்டியது. "இந்தக் கடலே கலங்கல்னு அஞ்சு வருஷமா கட்டுரை எழுதியிருக்கேனே!"

"அதுல தப்பே இல்ல சார். நீங்க போன இடமெல்லாம் கலங்கலாத்தான் இருந்திருக்கும்."