தளபதியைத் தடுத்த மதில்

டென்மார்க்கின் தெற்கு எல்லையில் மலையும் கிடையாது, பெரிய ஆறும் கிடையாது. எதிரி கைவீசி நடந்தே வந்துவிடலாம். அதனால் அந்தக் காலத்து ராஜாக்கள் அங்கே அகழி தோண்டி, தோண்டிய மண்ணைக் குவித்து, நீளமாக ஒரு மண்மதில் எழுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் ஓட்டர் என்று ஒருவர். அவருக்கு மதில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊர் ஊராக விவசாயிகளைப் பிடித்துவந்து மண் சுமக்க விட்டார். மதில் இரண்டு ஆள் உயரம் வந்தாயிற்று, ஆசை அடங்கவில்லை. வயலிலோ பார்லி முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது. அறுக்க ஆளில்லை. கதிர் அழுகினால் குளிர்காலத்தில் பிள்ளைகள் எதைத் தின்னும்?

அரசவையில் தோர்கில் என்று ஒரு கெட்டிக்காரர் இருந்தார். மதிலைப் பார்க்க வந்த ராஜாவிடம், "மன்னா, இந்த உயரம் போதும். இவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார்.

தோர்கில் வாய் திறந்தாலே தளபதி கிரிமுக்கு வயிறு எரியும். "இதெல்லாம் ஒரு மதிலா? நானே ஒரே மூச்சில் ஏறிக் குதித்துவிடுவேன். இன்னும் இரண்டு மடங்கு உயர்த்த வேண்டும், மன்னா!"

ராஜா தாடியைத் தடவினார். "சரி தளபதி, தெற்குப் பக்கமிருந்து நீரே ஏறிக் காட்டும். ஏறிவிட்டால் பனி விழும்வரை வேலை நடக்கும். தோர்கிலும் கூடை தூக்குவார். ஏறாவிட்டால் எல்லோரும் அறுவடைக்குப் போகலாம்."

"சம்மதம் மன்னா" என்றார் தோர்கில். "மதில் என்றால் மேலே காவல் உண்டுதானே? காவலுக்கு ஆள் நிறுத்திக்கொள்ளலாமா?"

"காவல் இல்லாத மதில் எங்கே இருக்கிறது? நிறுத்திக்கொள்ளும்."

"ஊரையே நிறுத்தட்டும்!" என்று சிரித்துக்கொண்டே கிரிம் மதிலில் இருந்த வாசல் வழியாக வெளியே போய் அகழியில் இறங்கினார். நிமிர்ந்து பார்த்தால், அடேயப்பா! மேலே வரிசையாக விவசாயிகள். கையில் மண்வெட்டி, பக்கத்தில் கூடை கூடையாக ஈரக் களிமண். வீட்டுக்குப் போகிற ஆசை ஒவ்வொருவன் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

கிரிம் ஒரு கால் வைத்தார். தலையில் தொப்பென்று ஒரு கூடை மண் விழுந்தது. அடுத்த காலை வைத்தார். இரண்டு கூடை விழுந்தது. சறுக்கிக்கொண்டே போய் சேற்றில் உட்கார்ந்தார். பாவம், மீசை எது, சேறு எது என்றே தெரியவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, வந்த வாசல் வழியாகவே திரும்பி வந்து ராஜா முன்னால் கத்தினார்.

"அநியாயம் மன்னா! அந்த மதில் என்னை எங்கே தடுத்தது? மேலே இந்தப் பயல்கள் மட்டும் இல்லையென்றால் எப்போதோ ஏறியிருப்பேன்!"

தோர்கில் பணிவாகச் சொன்னார்: "தளபதியே சொல்லிவிட்டார், மன்னா. எதிரியைத் தடுப்பது இந்தப் பயல்கள்தான். இவர்களைப் பட்டினி போட்டுவிட்டு, அடுத்த வருஷம் மதில் மேல் யாரை நிறுத்துவது?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "போங்கடா, எல்லோரும் வயலுக்குப் போங்கள்!" என்றவர், கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றித் தோர்கிலுக்குப் போட்டார்.

கிரிமும் மெல்ல நழுவப் பார்த்தார்.

"நில்லும் தளபதி!" என்றார் ராஜா. "உம்மேல் இருப்பது அரசாங்க மண். மதிலில் உதறிவிட்டுப் போம்!"