கொம்பையாவுக்கு எழுபது

தளவாய் அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்துமூன்று. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

அண்ணாச்சி பாளையங்கோட்டையில் பேக்கரி வைத்திருந்தார். குரு எஸ்தர் அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பேக்கரி மாடியில் ஞாயிறுதோறும் மத்தியானம் பத்துப் பேர் கூடி, கம்ப்யூட்டரில் பேஸ்பால் லீக் நடத்தினார்கள். பேஸ்பால் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அண்ணாச்சிக்கு அதைச் சொல்லிக்கொடுத்த குரு எஸ்தர்தான். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட அதன் மட்டையைக் கையால் தொட்டதில்லை. அதனால் யாருடைய பேச்சும் குறைந்துவிடவில்லை.

லீக்கில் அப்போது 1911ஆம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையில் பேஸ்பால் ஆடினார்கள் என்பது இவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பொய். ஆளுக்கு ஒரு அணி. ஒவ்வொரு அணிக்கும் கீழே இளசுகளின் அணி ஒன்று. ஆட்டக்காரர்களைக் கம்ப்யூட்டரே பிறக்க வைக்கும், பெயர் மட்டும் இவர்கள் வைப்பார்கள்.

வருஷக் கடைசியில் மதிப்புச் சொல்லும் கூட்டம். இளசுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கோப்பை ஜெயித்த அணிக்காரர் முதலில் நூற்றுக்கு இத்தனை என்று உரக்கச் சொல்வார். பிறகு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் என்று சுற்றி வரும். சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் அந்தப் பையனை அழித்துவிடுவார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், அப்படி ஒருவன் இருந்த சுவடே இருக்காது.

முதல் ஆள் சொன்ன மதிப்பிலிருந்து மற்றவர்கள் இரண்டு மூன்றுக்கு மேல் நகர்ந்ததே கிடையாது. அதிலிருந்து இருபதுக்கு மேல் விலகிக் கூட்டிச் சொன்னால், சராசரி எதுவானாலும் பையன் பிழைத்துக்கொள்வான். ஆனால் சொன்னவர் அவனைத் தன் பெரிய அணியில் எடுத்து, அடுத்த வருஷம் முழுக்க ஆடவிட வேண்டும். அதுதான் விதி. வாய்க்கொழுப்புக்குப் போட்ட பூட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கென்னவோ அது பயத்துக்குப் போட்ட பந்தலாகத்தான் தெரிகிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணாச்சி கண்ணாடிக் கடைக்குப் போனார்.

“குரு, கொம்பையா விஷயமா வந்தேன்.”

“ராயப்பன் அண்ணாச்சியோட இளசு அணியில பந்து வீசுதானே, அவனா?”

“அவனேதான். நாளைக்கு முதல்ல ராயப்பன்தான் மதிப்புச் சொல்லுவாரு. முப்பதுன்னு சொல்லப் போறாரு. அழிச்சிருவாங்க.”

“உங்களுக்கு எத்தனை தோணுது?”

“எழுபது.”

எஸ்தர் ஒரு கண்ணாடி வில்லையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“பந்துல வேகம் இல்ல. அது எனக்கும் தெரியும்,” என்றார் அண்ணாச்சி. “ஆனா ராயப்பன் கடைசியில வர்ற நம்பரை மட்டும் பாக்குதாரு. நான் அவன் ஆடுன ஒவ்வொரு ஆட்டத்தையும் பந்து பந்தாப் படிச்சேன். அடி வாங்கினா ஒளிய மாட்டேங்கான். அடிச்சவன் திரும்ப வந்து நின்னா, எங்க அடி வாங்கினானோ அங்கேயே மறுபடியும் போடுதான். ரோஷக்காரப் பய.”

“சரி.”

“சரின்னா? எழுபது சொல்லட்டா, முப்பது சொல்லட்டா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதையே சொல்லிருதேன்.”

“உக்காருங்க அண்ணாச்சி. ஆள் வருது.”

அண்ணாச்சி உட்கார்ந்தார். அழியப் போகிறவனுக்கு ரத்தமும் இல்லை, சதையும் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு வாரமாக மாவு பிசையும்போதெல்லாம் அவன் நினைப்புதான்.

அண்ணன் தம்பி மூன்று பேரும், அவர்களுடைய தங்கையும் கடைக்குள் வந்தார்கள். நாலு பேருக்கும் கண் பார்க்க வேண்டும். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எழுத்துப் பலகை தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியாது, காது கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார்.

“ப, ட, ம, க, ர.”

அவர் எழுந்து போனதும் எஸ்தர் பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் வேறு எழுத்துகள். தடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி அதைப் பார்த்தார்.

இரண்டாமவர் வந்து உட்கார்ந்தார். “ப, ட, ம, க, ர,” என்றார். கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

மூன்றாமவரும் அதையே பிசிறில்லாமல் ஒப்பித்தார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எஸ்தர் முகத்தில் ஒன்றும் இல்லை.

கடைசியில் தங்கை.

“மேல ஒரு ‘ந’ இருக்கு. பக்கத்துல ‘ல’வா ‘வ’வான்னு தெரியல. அதுக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியல.”

“ஏ, நாங்க மூணு பேரும் என்ன வாசிச்சோம்? நீ என்ன புதுசா ‘ந’ங்க?” என்றார் மூத்தவர் பெஞ்சிலிருந்து.

“எனக்கு ‘ந’தான் தெரியுது.”

“மூணு பேரு சொல்லுதோம், உனக்கு மட்டும் வேறயாக்கும்?”

“உங்க கண்ணு உங்க மூஞ்சியில இருக்கு. இது என் மூஞ்சி.”

எஸ்தர் அவளுக்குச் சோதனைக்கு வைத்திருக்கும் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில், “கொஞ்சம் நடந்து பாருங்கம்மா,” என்றார். அவள் வாசல்வரை போனாள். படியில் கால் தடுக்கிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன்மார் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சட்டத்தை மூக்கின்மேல் சரியாக ஏற்றிக்கொண்டு, படியில் இறங்கித் தெருவைப் பார்த்து நின்றாள்.

எஸ்தர் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். “சின்னவங்க ரெண்டு பேரும் மறுபடியும் வந்து உக்காருங்க,” என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். “நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே குரு.”

“நாளைக்குக் கூட்டத்துல பாப்போம் அண்ணாச்சி.”

மறுநாள் கூட்டம். கொம்பையா பெயரை வாசித்தார்கள்.

“முப்பது,” என்றார் ராயப்பன். இரும்புக் கடைக்காரர். குரலும் இரும்புதான்.

“முப்பத்தொண்ணு.”

“இருபத்தொன்பது.”

“முப்பது.”

மதிப்பு சுற்றிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி கடைசி ஆள். அவருக்கு முந்தின நாற்காலி எஸ்தருடையது. குரு என்ன சொல்லப் போகிறார் என்று அண்ணாச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்திரண்டு,” என்றார் எஸ்தர்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. நேற்று அத்தனை கூத்தையும் காட்டிவிட்டு, இன்றைக்கு ஊரோடு சேர்ந்துகொண்டால் என்ன அர்த்தம்?

“அண்ணாச்சி, உங்க மதிப்பு?” என்றார் ராயப்பன்.

“எழுபது.”

யாரோ கையிலிருந்த டீயைச் சிந்தினார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

“அடுப்புச் சூடு தலைக்கேறிட்டு போல,” என்றார் ராயப்பன். “விதி தெரியும்லா?”

“தெரியும். என் அணியில பழைய ஆளை உக்கார வச்சுட்டு இவனைப் போடுதேன்.”

“உங்க குருவே முப்பத்திரண்டுங்காங்க. காதுல விழுந்துச்சா?”

“காது நல்லாக் கேக்கு. நான் கேட்டதைச் சொல்லல, பாத்ததைச் சொல்லுதேன்.”

விலகிச் சொன்னவருக்கு லீக்கில் ஒரு கருணை உண்டு. பையனை வைத்து அப்போதே ஒரு வெள்ளோட்டம் ஆடிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும், தன் டீயைக் குடித்து கிளாஸைக் கவிழ்க்கும்வரை மதிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கவிழ்த்தபின் பேச்சே இல்லை.

வெள்ளோட்டம் ராயப்பனின் அணியோடு. கொம்பையா பந்து வீச வந்தான். திரையில் வரி வரியாக ஆட்டம் ஓடிற்று. முதல் சுற்றிலேயே ஒன்பது ஓட்டம் கொடுத்தான். பேஸ்பாலில் ஒரு சுற்றுக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம். ஒருவர் கை தட்டினார். ராயப்பன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்க டீ இன்னும் அப்படியே இருக்கு. வாபஸ் வாங்கிக்கிடுங்க. நான் பொத்தானைத் தட்டிருதேன்.”

“பன் எடுத்துட்டு வாரேன்,” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கீழே இறங்கினார். உண்மையில் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. பின்னாலேயே எஸ்தர் இறங்கி வந்தார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமல் தட்டில் பன்களை அடுக்கினார்.

“ராயப்பனுக்குப் பயந்தா முப்பத்திரண்டு சொன்னீங்க?”

“இல்ல. நானும் அவனைப் பந்து பந்தாப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சது முப்பத்திரண்டு.”

“அப்ப நான் பாத்தது தப்பா?”

மாடியிலிருந்து ராயப்பனின் குரல் வந்தது. “அண்ணாச்சி! டீ ஆறுது!”

“ஒரே சுற்றுல ஒன்பது ஓட்டம் குடுத்துட்டான் குரு,” என்றார் அண்ணாச்சி. “எனக்குத் தலை சுத்துது. வாபஸ் வாங்கிரட்டா?”

“நேத்து அந்தப் பிள்ளை படியில தடுக்குச்சே, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சட்டத்தைக் கழட்டுச்சா?”

அண்ணாச்சி தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ராயப்பன் முன்னால் ஒரு பன்னை வைத்தார். தன் டீயை எடுத்து, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து, கிளாஸைக் கவிழ்த்தார்.