மதகைத் திறந்தது யார்?

அணையின் மதகை யாரோ சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட, கீழே எண்பது ஏக்கர் நெல் மூழ்கிப்போனது. மதகைத் திறப்பவர் பெயரைத் தானாகவே குறித்துவைக்கும் லாக் ஃபோல்டர், கட்டுப்பாட்டு அறையின் பழைய கம்ப்யூட்டரில் இல்லை. யாரோ அழித்திருந்தார்கள்.

பழி ஆபரேட்டர் தங்கபுஷ்பத்தின் தலையில் விழுந்தது.

"விசாரணை அதிகாரி வர்றதுக்குள்ள அது திரும்ப வரணும். இல்லேன்னா நீ ஜெயிலுக்குத்தான் போவே," என்று அதட்டினார் பொறியாளர் பூபதிராஜன்.

காலையிலிருந்து தேடியும் அவளுக்கு அது கிடைக்கவில்லை. அதிகாரி வந்து உட்கார்ந்ததும் பூபதிராஜன், "எங்கே, காட்டு பார்ப்போம்!" என்றார்.

"இதோ இருக்கு சார்."

திரையில் அதே பெயரில் ஃபோல்டர் நின்றது. பூபதிராஜனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அதெப்படி? ரீசைக்கிள் பின்னையும் சேர்த்துத்தானே காலி பண்ணினேன்!"

அதிகாரி ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"அழிஞ்சதைக் கொண்டுவர எனக்குத் தெரியலை சார். அதே பேர்ல புதுசா ஒண்ணு வச்சேன்," என்றாள் தங்கபுஷ்பம். "உள்ளே யார் பேரு இருந்துச்சுன்னு பொறியாளர் சாரே சொல்லிட்டாரு."

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு பூபதிராஜன் பக்கம் திரும்பினார்.