நான்காம் துணைத்தேற்றம்

முனைவர் பட்டம் வாங்கும்போது சுடலைமுத்துவுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினைந்து வருடம் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தியவர், அந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். அவருடைய வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிட ஆறு வயது இளையவர். அந்த அம்மா இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். எங்கள் கணிதத் துறையில் எல்லோருக்கும் அது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் இல்லை.

பட்டத்தோடு முடிவதில்லை. வேறொரு பெரிய ஆளிடம் இரண்டு வருடமாவது போஸ்ட்டாக் என்கிற சம்பள ஆராய்ச்சி வேலை செய்தால்தான் இந்தத் துறையில் நிலைக்க முடியும். சுடலைமுத்து நாற்பத்தோரு இடங்களுக்கு விண்ணப்பித்தார். முப்பத்தாறு பேர் பதிலே போடவில்லை. நான்கு பேர் அழகான ஆங்கிலத்தில் வருந்தினார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் மட்டும் வீடியோவில் பேசலாம் என்றார். அதுவும் போனால் பழையபடி பாலிடெக்னிக்தான், அதுவும் இடம் இருந்தால்.

நேர்காணலுக்கு முந்தின நாள் காலை, சுடலைமுத்து ஜெசிந்தாவின் அறைக்கு வந்தார். நான் அங்கே ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மனிதர் சரியாகத் தூங்கியதாகவே தெரியவில்லை.

நேர்காணல் செய்யப்போகிறவரின் கட்டுரைகளை முன்கூட்டியே படிப்பது வழக்கம். நாங்களெல்லாம் முன்னுரையை மேய்ந்துவிட்டு முடிவுரைக்குப் போய்விடுவோம். இவர் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் போட்டுப் பார்ப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்குப் பொறாமையே உண்டு. அப்படிப் பார்த்ததில், அந்த ஜெர்மன்காரருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த கட்டுரையில், முழு நிரூபணத்தையும் தாங்குகிற நான்காம் துணைத்தேற்றம் நிற்கவில்லை.

கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஜெசிந்தா சாக்பீஸை வாங்கித் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். ஓட்டைதான்.

"நாளைக்கு இதைச் சொல்லட்டுமா மேடம்? இல்ல, வேலையில சேந்த பெறவு மெதுவாச் சொல்லிக்கிடட்டுமா?"

"உங்களுக்கு என்ன தோணுது சார்?"

"பயமா இருக்கு. இருக்கது இந்த ஒரு எடம். வாயத் தொறந்து இதையும் கெடுத்துக்கிடுவேனோன்னு."

ஜெசிந்தா சாக்பீஸை வைத்துவிட்டு மேசைக்குப் போனார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். மாணவருக்காக வழிகாட்டி எழுதும் சிபாரிசுக் கடிதத்தை அந்த மாணவருக்குக் காட்டக் கூடாது. எங்கள் உலகத்தில் அதை மீறுகிறவர்கள் இல்லை, ஜெசிந்தா நிச்சயமாக இல்லை. அன்று திரையைச் சுடலைமுத்து பக்கம் திருப்பினார்.

ஜெர்மனிக்கு அனுப்பியிருந்த அந்தக் கடிதம் ஐந்தே வரி.

'என்னிடம் சேர்ந்த இரண்டாம் வருடம், நிறைந்த கருத்தரங்கில் எழுந்து நின்று என் தேற்றம் தவறு என்றார். அவர் குரல் நடுங்கியது. ஆனால் அவர் சொன்னது சரி. என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து அவரிடம் காட்டாமல் நான் எதையும் வெளியே அனுப்புவதில்லை.'

சுடலைமுத்து படித்து முடிக்கும்வரை ஜெசிந்தா காத்திருந்தார்.

"இதப் படிச்ச பெறகுதான் சார் அவர் உங்களக் கூப்பிட்டிருக்கார்."