அரசர் முழம்

வேம்பனூரை ஆண்ட செண்பகராயர் நல்ல அரசர். ஆனால் ஆள் குள்ளம். அவருக்கு முன்னால் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. அவர் முன்னிலையில் குள்ள நரியைக்கூட வெறும் நரி என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஊரில் பழைய சட்டம் ஒன்று உண்டு. குடியிருப்பு வீதிகளில் வீடு கட்டுகிறவர்கள் தெரு ஓரத்திலிருந்து நாலு முழம் தள்ளித்தான் முன்சுவர் எழுப்ப வேண்டும். தண்ணீர் வண்டி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அரசரின் பாட்டனார் போட்ட சட்டம் அது. யார் கை முழம் என்று சண்டை வரக்கூடாதே. அதனால், ஆட்சியில் இருக்கும் அரசரின் கை முழமே கணக்கு என்றும் அதிலேயே எழுதி வைத்திருந்தார்.

செண்பகராயர் பட்டத்துக்கு வந்ததும், மனை அதிகாரி திருவேங்கடத்தார் புது முழக்கோல் ஒன்று செய்து வந்தார். அரசரை மகிழ்விக்க நினைத்தவர், உண்மையான அளவைவிட நாலு விரல் அகலம் கூட்டியே கோலை அறுத்தார். அரசர் அதைப் பார்த்தார். தன் முழமா இது என்று கேட்கவில்லை. உள்ளூர மகிழ்ந்து முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருடம் கோல் சும்மா கிடந்தது. மூன்றாம் வருடம் திருவேங்கடத்தார் அதை எடுத்துக்கொண்டு கீழ வீதிக்குப் போனார். வீட்டுக்கு வீடு அளந்தார். எழுபத்து நாலு வீடும் ஒரு சாண் அளவு தெருப் பக்கம் வந்திருப்பதாகக் கணக்கு வந்தது. பதினைந்து நாளில் முன்சுவரை இடிக்க வேண்டும், இல்லையென்றால் அரசு ஆட்கள் இடிப்பார்கள் என்று தண்டோரா போட்டார்கள்.

அந்த வீதியில் வடிவாச்சி என்று ஒரு நெசவுக்காரி. அவளும் கணவன் மூக்கப்பனும் ஒன்பது வருடம் வாயைக் கட்டி, போன தை மாதம்தான் வீடு கட்டிக் குடி புகுந்திருந்தார்கள். முன்சுவரின் மேல்தான் உத்தரம் நின்றது. சுவர் போனால் கூரை போகும், கூரை போனால் அதன் கீழே இருக்கும் தறியும் போகும். மூக்கப்பன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வடிவாச்சி அழவில்லை. நேரே அரசவையின் விகடகவி குழந்தைவேலரிடம் போனாள்.

“ஐயா, அஸ்திவாரம் போடும்போது எங்க கொத்தனார் தன் கையால நாலு முழம் அளந்துதான் விட்டார். அரசர் அவர் தோள் உயரம்கூட வரமாட்டார். கொத்தனார் முழத்தைவிட அரசர் முழம் எப்படி ஐயா பெரிசாகும்?”

குழந்தைவேலர் சட்டத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு, வீட்டுக்குப் போய்த் தறியில் உட்காரும்படி சொல்லி அவளை அனுப்பினார்.

மறுநாள் அவையில், கோலை ஒருமுறை சரிபார்த்தால் நல்லது என்று மெல்ல ஆரம்பித்தார். திருவேங்கடத்தார் விடுவாரா?

“அரசரின் கை குட்டை என்கிறாரா குழந்தைவேலர்?”

அரசரின் முகம் இறுகிவிட்டது.

“அப்படி யார் சொன்னது?” என்றார் குழந்தைவேலர். “இந்தக் கோல் அரசரின் கை அளவுதானே?”

“இம்மியும் பிசகாது.”

“அது போதும்” என்று உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே, அடுத்த வாரம் நடக்கும் வில் விழாவில் முதல் அம்பு விடும் அரசருக்குத் தான் ஒரு கையுறை பரிசளிக்கப் போவதாகச் சொல்லி, அளவுக்காகக் கோலைக் கேட்டு வாங்கினார். தோல் தைக்கும் மாடப்பனிடம் கொடுத்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரியாக ஒரு முழம் தைக்கச் சொன்னார். இம்மியும் பிசகாது என்று அவையில் சொல்லிவிட்ட பிறகு, கோலைத் தர மாட்டேன் என்று திருவேங்கடத்தாரால் சொல்ல முடியவில்லை.

விழாவுக்கு முதல் நாள் அவையில் அரசர் கையுறையை மாட்டிப் பார்த்தார். முழங்கையில் அது கச்சிதமாக நின்றது. ஆனால் ஐந்து விரல் நுனியும் காலியாகத் தொங்கின. வில்லை எடுத்து நாணை இழுத்தார். நாண் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி இழுத்தார், மறுபடியும் வழுக்கியது.

“யார் தைத்தது இதை?”

மாடப்பன் முன்னால் வந்து, மனை அதிகாரியின் கோலை வைத்துத்தான் அளந்தேன் என்றான். எல்லார் கண்ணும் திருவேங்கடத்தார் பக்கம் திரும்பியது. அவர் கண் தரையில் இருந்தது.

குழந்தைவேலர் எழுந்தார்.

“அரசே, மாடப்பன் மேல் பிழை இல்லை. உங்கள் கை மேலும் பிழை இல்லை. கோலில் நாலு விரல் வெட்டிவிட்டால் கையுறையும் சரியாகும், கீழ வீதியில் எழுபத்து நாலு வீட்டை வெட்டும் வேலையும் மிச்சம்.”

அரசர் தொங்கிய தோல் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை ஒருமுறை உதறினார். விரல்கள் முயல் காது போல ஆடின. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசர் சிரித்த பிறகு அவையும் சிரித்தது.

அங்கேயே தன் கையை நீட்டிப் புதுக் கோல் அளக்கச் சொன்னார். அந்தக் கோலோடு கீழ வீதிக்குப் போய், எழுபத்து நாலு வாசலிலும் தன் வாயாலேயே தவறைச் சொல்லி வரும்படி திருவேங்கடத்தாருக்கு உத்தரவு போட்டார். புது அளவில் எந்தச் சுவரும் எல்லையைத் தாண்டவில்லை. வடிவாச்சி வீட்டுக்கு நாலு விரல் இடம் உபரியாகவே நின்றது.

குழந்தைவேலருக்கு ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டு, அரசர் அவர் காதோடு மெதுவாகக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லும். என் கை குட்டைதானே?”

“எழுபத்து நாலு வீட்டுச் சுவரை இடிந்து விழாமல் தாங்கிய கை, அரசே. அதை எந்தக் கோலால் அளந்து குட்டை என்று நான் சொல்வது?”