நாற்பத்தேழு மட்டும் பாக்கி

"உதவாக்கரை எண், தாயே இது!"

சாத்தப்பன் குரு கொடுத்த கணக்கு ஓலையைத் தூக்கி எறிந்தான். ஐம்பது வயது. நெல் அளக்கும் வேலையை விட்டுவிட்டுக் காவி கட்டியவன். குரு பூங்கோதைக்கு அவனைவிட இருபது வயது குறைவு.

"இரண்டாயிரத்து ஐநூற்று இருபத்தொன்று. எதால வகுத்தாலும் மிச்சம் விழுது. ஒண்ணு குறைஞ்சிருந்தா தங்கமான எண். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எல்லாத்தாலயும் வகுபடும்."

"எதுவரைக்கும் பார்த்தீர்?"

"நாற்பத்து மூணு."

"நாற்பத்தேழு?"

"நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுட்டேன்."

"அதுதான் கடைசி. அதிலும் மிச்சம் விழுந்தால் வேறு எதாலும் அது பிரியாது."

மறுநாள் காலையில் படை வந்தது.

நான்கு ராஜாக்களும் கூடவே வந்த கூட்டுப்படை. ஊரையே கயிறு கட்டி மைதானத்தில் நிறுத்தியது. சிறைபிடித்தவர்களைக் கோட்டைகளுக்குச் சரிசமமாகப் பிரிக்க வேண்டும். எத்தனை கோட்டை என்பது தளபதியின் விருப்பம். ஒருவரும் மிஞ்சக்கூடாது, ஒருவரையும் கழிக்கக்கூடாது. இது காளி முன்னால் செய்த சத்தியம். போன போரில் மிஞ்சிய ஒரே ஓர் ஆளுக்காக இந்தப் புண்ணியவான்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள்.

"தலை எத்தனை?" தளபதி கேட்டான்.

"இரண்டாயிரத்து ஐநூற்று இருபது."

"சபாஷ்! பத்து வரைக்கும் எத்தனை கோட்டைக்கு வேணும்னாலும் பிரிக்கலாம்."

வரிசையில் ஒருத்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

காவி கட்டியவர்களைப் படை தொடாது. மரத்தடியில் நின்ற பூங்கோதை தன் காவியில் கைவைத்தாள்.

சாத்தப்பன் தடுத்தான். "நான் போறேன். நீங்களும் வந்தா இரட்டைப்படை ஆயிடும்."

"நாற்பத்தேழு பார்க்கலையே" என்றாள் பூங்கோதை.

அவன் காவியை அவிழ்த்துக் கிளையில் போட்டான். கோவணத்தோடு போய் வரிசையில் நின்றான்.

புதிதாக ஒரு தலை. மறுபடி எண்ணினார்கள்.

நான்காகப் பிரித்தார்கள். ஒருவர் மிச்சம். ஏழு, பத்து. அப்போதும் ஒருவர். பதினொன்று. இரண்டு பேர். வெயில் ஏறியது. தளபதியின் கண் சிவந்தது. ஒவ்வொரு எண்ணாக ஏறிக்கொண்டே போனான்.

"நாற்பத்தேழு கோட்டை! பிரிடா!"

சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அடப் பாவி, ஒரே ஒரு வகுத்தல்! அதற்குப் போய் சோம்பல் பட்டாயே!

வரிசைக்கு ஐம்பத்து மூன்று பேர். நாற்பத்தேழு வரிசையும் நிறைந்தது.

முப்பது பேர் வெளியே நின்றார்கள். சாத்தப்பனும் அதில் ஒருவன்.

தளபதி வாளை அவன் கழுத்தில் வைத்தான். "கடைசியா வந்தவன் நீதானே? இந்தக் கூட்டத்தை எப்படித்தான்டா பிரிக்கிறது?"

"ரெண்டே வழிதானுங்க. மொத்தமா ஒரே ராஜாகிட்ட விடலாம், மத்த மூணு பேரும் ஒத்துக்கிட்டா."

தளபதி திரும்பிப் பார்த்தான். நான்கு ராஜாக்களின் கையும் ஏற்கெனவே வாளில் இருந்தது.

"இன்னொரு வழி?"

"தலைக்கு ஒரு பங்குன்னு எல்லாரையும் ஒவ்வொருத்தரா அவிழ்த்து விடணும்."