ஓடுகிற ஒன்றைத் தொடங்கியவர்

“சிமுலேட்டர்ல ‘ரன்’னு அடிச்சா ஓடுது. நிஜ மெஷின்ல அடிச்சா முடியாதுங்குது. ஏன் மேடம்?”

பொன்னுரங்கம் சலிப்போடு கேட்டார். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, ஐம்பது வயதில் மென்பொருள் வேலைக்கு வந்தவர்.

கலைமதி அவரைவிட இளையவள். டயாலிசிஸ் இயந்திரங்கள் செய்யும் அந்தக் கோவை நிறுவனத்தில் அவருக்கு அவள்தான் ஆசான்.

ஈரோட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் காரணமில்லாமல் அலாரம் அடிப்பதாகப் புகார். அதற்குள் ஓடும் நிரலை, பிழை தேட உதவும் டீபக்கர் வழியாக இங்கிருந்தே நிறுத்தி வைத்திருந்தார் பொன்னுரங்கம்.

கலைமதி குனிந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ‘கன்டினியூ’ என்று அடித்தாள். இயந்திரம் ஓடியது.

“நானும் ஓட வைக்கத்தானே பார்த்தேன்?”

“சிமுலேட்டர் வெறும் மாதிரி, நீங்க கூப்பிட்டாத்தான் பிறக்குதுங்கண்ணா. இது அப்படியில்லை.”

“புரியலை.”

“நீங்க நிறுத்தறப்ப இது என்ன செஞ்சுட்டு இருந்துச்சு?”

“தெரியாது.”

“ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க. அதுவரைக்கும் கை வைக்காதீங்க.”

அவளை யாரோ கூப்பிட, போனாள்.

பொன்னுரங்கம் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சும்மா கிடக்கிற இயந்திரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பழைய மிச்சங்களை அழித்து முதலிலிருந்து ஓட்டினால் பிழை தானாக அகப்படும். சிமுலேட்டரில் அப்படித்தான் அகப்பட்டது.

‘ரீசெட்’ கொடுத்தார்.

இந்த முறை இயந்திரம் மறுக்கவில்லை. முதல் வரியிலிருந்து, சுத்தமாக, ஒவ்வொரு சோதனையாகச் செய்துகொண்டு போனது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன் அடித்தது.

“மெஷினை யாருங்க தொட்டது?” சிஸ்டர் ஸ்டெல்லாவின் குரல். “முன்னாடியே ஒருதடவை நின்னுச்சு. பேஷன்ட்டைப் பார்க்க ஓடினதாலதான் போனை எடுக்க முடியலை. இப்ப மறுபடியும் நின்னுருச்சு.”

“பேஷன்ட்டா?”

“ஆள் இருக்குது சார் அதுல.”

முதலிலிருந்து தொடங்கிய இயந்திரம் பம்பை நிறுத்திக் குழாயை இறுக்கியிருந்தது. வெளியே வந்த ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்துபோனது. உடம்புக்குத் திருப்பி ஏற்ற வழியில்லை.

படுத்திருந்தவள் மாராயி. பஞ்சு மில்லில் வேலை செய்தவள். முன்பே உடம்பில் ரத்தம் குறைவு.

பிழைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் பொன்னுரங்கம் கலைமதியின் முன்னால் வந்து நின்றார்.

“என்னை அனுப்பிடுங்க மேடம்.”

“வண்டியில ஏறுங்கண்ணா,” என்றாள்.

வழி முழுக்க அவர் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

மாராயியின் முகம் சாம்பலாக இருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. மூக்கில் பிராணவாயுக் குழாய். கலைமதி கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, தான் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பொன்னுரங்கம் உட்கார்ந்தார்.

“அம்மா, நேத்து அந்த மெஷினை மொதல்ல இருந்து ஆரம்பிச்சது நான்தாங்க.”

மாராயி மெல்லத் தலையைத் திருப்பினாள். கோபம் எதுவும் இல்லை. சொன்னது விளங்காதவள்போல அவரையே பார்த்தாள்.

“ஆரம்பிச்சீங்களா?”

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“நான் பாதியில இருந்தேனுங்களே.”